முனுசாமி, மாணிக்கம், எல்லைச் சாலை: இருவர் பேச்சாக வளர்ந்த தமிழ்த் திரைக் கேலியின் வரலாறு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. அதைக் கடந்தால் ஜூஜூவாடி. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் வகுக்கப்பட்டபோது உண்டான எல்லை அன்று இது. அதற்கு முன்பே ஓசூர் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்திலும், அத்திபெலே மைசூர் சமஸ்தானத்திலும் இருந்தன. பிரித்தானியர் நேரடியாக ஆண்ட நிலத்துக்கும் மன்னர் ஆண்ட நிலத்துக்கும் இடையிலான கோடு, பின்னர் இரு மொழிகளுக்கு இடையிலான கோடாயிற்று. இன்று ஓசூரிலிருந்து பொம்மசந்திரா, ஜிகனி, எலக்ட்ரானிக் சிட்டி ஆகிய இடங்களுக்கு வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் இக்கோட்டை இருமுறை கடக்கின்றனர்.

காவிரிச் சிக்கல் மூளும்போதெல்லாம் இக்கோடு கண்ணுக்குத் தெரியும். 2016 செப்டம்பரில் பேருந்துகள் இருபுறமும் நிறுத்தப்பட, பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் அத்திபெலேயிலிருந்து நடந்தே எல்லையைக் கடந்தனர். திரைப்படங்களும் இங்கே நின்றிருக்கின்றன. 2004இல், பிறமொழிப் படங்கள் வெளியாகி ஏழு வாரம் கழிந்த பின்னரே கர்நாடகத்தில் திரையிடப்பட வேண்டும் என்று கன்னடத் திரையுலகம் வலியுறுத்தியது. 2018இல் ‘காலா’ நீதிமன்றம் வரை சென்றது. 2025இல் ‘தக் லைஃப்’ கர்நாடகத் திரையரங்குகளுக்கு வரவில்லை. பெங்களூரு ரசிகர் சிலர் ஓசூருக்குச் சென்று பார்த்தனர்.

இவையெல்லாம் பெருநடிகர்களின் படங்கள் என்பது கவனிக்கத்தக்கது. தடுக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். சில லட்சங்களில் எடுக்கப்பட்டு, சொந்த மாவட்டத்தின் மூன்று திரையரங்குகளில் ஒரு வாரம் ஓடி மறையும் படத்தை எல்லையில் எவரும் மறித்ததில்லை. அதை எல்லை கடத்த விநியோகஸ்தரே இல்லாதபோது மறிப்பதற்கு என்ன இருக்கிறது? அத்தகைய படங்கள் இச்சாலையைக் கடந்த வழி வேறு. பார்த்தவர் ஒருவர், பார்க்காத நண்பரிடம் பேருந்தில் கதை சொல்லிச் சிரிக்க, அச்சிரிப்போடு அப்படம் எல்லை கடந்தது. இருவர் அமர்ந்து, வாழ்க்கைப்பாட்டைப் பேசுகிற பேச்சினூடே, எவரும் அறியாத படமொன்றைக் கேலி செய்வது இன்று இணையத்தில் தனி வகையாகவே வளர்ந்துள்ளது. ஆயின் தமிழில் அதற்கு அச்சுலக முன்னோர் உண்டு. அம்மரபின் வரலாற்றில் ஒரு கேள்வி தொடர்ந்து வருகிறது: இருவரும் யாரைப் பார்த்துச் சிரிக்கின்றனர்?

நண்பனின் கேலிக்குத் தமிழில் இலக்கணமே உண்டு. அகப்பொருள் மரபில் காதலால் தளர்ந்த தலைவனைப் பாங்கன் இடித்துரைப்பது ‘கழறல்’ எனப்படும். தலைவன் அதை மறுத்துப் பேசுவது ‘கழற்றெதிர்மறை’. கழறுபவன் பகைவன் அல்லன் என்பதும், கழறப்பட்டவனுக்கு மறுமொழி உரிமை உண்டு என்பதும் அவ்வமைப்பிலேயே அடங்கியிருக்கின்றன. தெருக்கூத்தின் கட்டியங்காரனும் அத்தகையவனே. முடி சூடி வந்த மன்னனிடம் ‘நீர் யார்?’ என்று தொடங்கி, அவன் பெருமைகளை ஒவ்வொன்றாகக் கிண்டுவான். மன்னன் மேடையிலேயே நின்று பதில் சொல்வான். கேலி செய்பவரும் கேலிக்குள்ளானவரும் ஒரே வெளிச்சத்தில் நின்றனர்.

தமிழ்த் திரைக் கேலி அச்சில் நிலைபெற்றது 1930களில். எஸ். எஸ். வாசன் 1928இல் வாங்கி நடத்திய ‘ஆனந்த விகடன்’ இதழில் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதினார். அன்றைய வழக்கில் ‘கர்நாடகம்’ என்றால் காலத்துக்கு ஒவ்வாத பழம்போக்கினர் என்று பொருள். மைசூர் மாநிலம் அப்பெயரை ஏற்றது 1973இல். ஆகவே அத்திபெலே கர்நாடகம் ஆவதற்கு நெடுநாள் முன்னரே கல்கி கர்நாடகமாகிவிட்டார்.

1935இல் ‘பக்த நந்தனார்’ வெளிவந்தது. கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்த படம். அதற்கு அவர் பெற்ற ஊதியம் 1 லட்சம் ரூபாய் என்பது நாடெங்கும் பேசப்பட்டது. மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். இத்துணை ஆரவாரத்துடன் வந்த படத்தில் நன்றாக நடித்திருப்பவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியுமே என்னும் பொருள்படக் கல்கி எழுதினார். அப்படத்தைக் காணாத தலைமுறைகளும் அவ்வெருமையை அறியும். இக்கேலி மேல்நோக்கியது: மிக அதிகப் பணம், மிகப் பெரிய பெயர்கள், மிகுந்த விளம்பரம் ஆகியவற்றை நோக்கி எறியப்பட்டது. ஏழைத் தயாரிப்பாளரின் கிழிந்த திரைச்சீலையைக் கண்டு எழுந்த சிரிப்பு அன்று. எனினும் கல்கியின் குரல் ஒற்றைக் குரல். அவருக்கு எதிரே அமர்ந்து மறுப்பவர் எவரும் அப்பக்கத்தில் இல்லை.

இரண்டாவது குரல் 1960களை ஒட்டிய ஆண்டுகளில் அதே இதழில் வந்தமர்ந்தது. முனுசாமி, மாணிக்கம் என்னும் இருவர் படம் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்வதுபோல விகடனில் திரை விமர்சனங்கள் அமைந்தன. பெயர்களே நோக்கத்தைச் சொல்லிவிடுகின்றன. இவர்கள் பட்டம் பெற்ற ரசனையாளர்கள் அல்லர். வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள். ஒருவர் வியக்க, மற்றவர் கிண்டுவார். ஒருவர் கதையை எடுக்க, மற்றவர் ஓட்டையைக் காட்டுவார். இறுதியில் பார்க்கலாமா வேண்டாமா என்பது வாசகருக்குத் தானே விளங்கிவிடும்.

இவ்வடிவம் ஏன் வாய்த்தது என்பதற்கு மூன்று காரணங்கள் கருதத்தக்கன. முதலாவது, இதழின் நிலை. வாசன் பத்திரிகை அதிபர் மட்டுமல்லர். ‘சந்திரலேகா’வை 1948இல் தந்த ஜெமினி ஸ்டூடியோவின் அதிபரும் ஆவார். திரைத்தொழிலில் இருக்கும் ஒருவரின் இதழ், பிறர் படங்களைக் குறை கூறுகையில் உண்டாகும் சங்கடத்தை உரையாடல் எளிதாக்குகிறது. குறை சொன்னது இதழ் அன்று, முனுசாமி. உடனே மறுத்தவர் மாணிக்கம். இரண்டாவது, வாசகரின் பழக்கம். படம் பார்த்தல் அன்று ஊர்க்காரியம். திரும்பி நடக்கும் வழியிலேயே விமர்சனம் முடிந்துவிடும். அச்சு அந்நடைப்பேச்சை அப்படியே ஏற்றுக்கொண்டது. மூன்றாவது, பேச்சுத் தமிழ். கட்டுரைநடைக்கு வெளியே நிற்க வேண்டியிருந்த கொச்சையும் நக்கலும் உரையாடல் என்ற காரணத்தால் இதழுக்குள் நுழைய உரிமை பெற்றன.

1970 ஜனவரியில் சோ தொடங்கிய ‘துக்ளக்’ மரபை மேலும் ஒரு படி நகர்த்தியது. பிணப்பரிசோதனையைக் குறிக்கும் தலைப்பின்கீழ்ப் படங்களை அறுத்துப் பார்த்த அவ்விதழ், இயக்குநரின் மறுமொழியையும் உடன் வெளியிட்டது. கட்டியங்காரனுக்கு மன்னன் பதில் சொன்ன மேடை இங்கே அச்சில் திரும்பக் கிடைத்தது. கழறலுக்குப் பின் கழற்றெதிர்மறைக்கும் பக்கம் ஒதுக்கிய அச்செயல், தமிழ்த் திரைக் கேலியின் வரலாற்றில் இன்னும் உரிய அளவு ஆராயப்படவில்லை.

இக்காலத்தில் குறைந்த செலவுப் படத்தின் நிலை யாது? அது இரு வேறு உலகங்களில் வாழ்ந்தது. ஒன்று, வணிகத்தின் விளிம்பு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஆலைபோல் ஒழுங்குபட்ட முறையில் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம். ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) போன்ற துப்பறியும் படங்கள் அதன் கொடைகள். ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) ஆகியவை தமிழ் மண்ணில் குதிரைகளையும் தொப்பிக்காரர்களையும் ஓடவிட்டன. ஆங்கிலக் கௌபாய் படங்களின் செலவில் ஒரு துணுக்குக்கூட இவற்றுக்கு இருந்திராது. ஆனால் எவரும் இவற்றைப் ‘பார்த்துச் சிரிப்பதற்கான’ படங்களாக வகைப்படுத்தவில்லை. டூரிங் கொட்டகைப் பார்வையாளர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார், விசிலடிக்க வேண்டிய இடத்தில் விசிலடித்தார்.

மற்றொன்று, கலைமுயற்சியின் வறுமை. ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே படமாக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) தேசிய அளவில் பாராட்டுப் பெற்றும் திரையரங்குகளில் இடம் பெறவில்லை. ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்கிரகாரத்தில் கழுதை’ (1977) சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. தூர்தர்ஷனில் ஒளிபரப்பாக இருந்த நிலையில் அந்த ஒளிபரப்பு கைவிடப்பட்டது. யாரும் பார்க்காத படம் என்பது எப்போதும் மோசமான படம் அன்று என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றுகள்.

‘மொக்கைப் படம்’ என்பது தனி ரசனைப்பொருளாக உருவெடுத்தது 2000களுக்குப் பின்னரே. இதற்குத் தொழில்நுட்பம் முதற்காரணம். படச்சுருளின் விலை, அச்சுப்பிரதியின் விலை ஆகிய இரண்டும் முன்பு படமெடுக்கும் ஆசைக்குக் கதவுகளாக நின்றன. எண்முறை ஒளிப்பதிவும், சென்னையில் உருவான கியூப் போன்ற எண்முறைத் திரையிடல் முறைகளும் அக்கதவுகளைத் திறந்தன. 2010களில் ஆண்டுக்கு 200ஐ ஒட்டிய தமிழ்ப் படங்கள் வெளியாயின. நிலம் விற்றவர், வட்டிக்கு வாங்கியவர், வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்தவர் எனப் பலரும் தயாரிப்பாளராயினர்; சிலர் தாமே நாயகனாகவும் ஆயினர்.

இரண்டாம் காரணம் யூட்யூப். 2007இல் வெளியான ‘யாருக்கு யாரோ’ திரையரங்கில் பெரிதாகப் பேசப்படவில்லை. அதில் நாயகனாக நடித்த சாம் ஆண்டர்சனின் பாடற்காட்சி பின்னர் இணையத்தில் பரவி, விடுதி அறைகளிலும் அலுவலகக் கணினிகளிலும் பல்லாயிரம் பேரைச் சிரிக்கவைத்தது. படம் மறைந்தது, காட்சித் துணுக்கு நிலைத்தது. அதற்குச் சற்று முன்னரே விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ படங்களைக் கேலி நாடகங்களாக்கி ஒரு தலைமுறையின் காதைப் பழக்கியிருந்தது. ஆனால் அது, 2010இல் வந்த ‘தமிழ்ப்படம்’ போலவே, பெரும்பாலும் வெற்றிப்படங்களையும் பெருநடிகர்களையும் கிண்டியது. கல்கியின் எருமை சென்ற அதே மேல்நோக்குப் பாதை அது. இணையக் கேலியோ திசை மாறி, எளியவரை நோக்கி இறங்கியது.

இத்திசைமாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மெட்வெட் சகோதரர்கள் 1980இல் வெளியிட்ட நூலொன்று, உலகின் மிக மோசமான இயக்குநர் என்ற ‘பரிசை’ எட் வுட்டுக்கு அளித்தது. எட் வுட் 1978இலேயே வறுமையில் இறந்துவிட்டார். அதன்பின் அவர் படங்கள் நள்ளிரவுக் காட்சிகளில் கூட்டம் சேர்த்தன. அச்சிரிப்பிலிருந்து ஒரு காசும் அவருக்குச் சேரவில்லை, ஒரு சொல் மறுமொழியும் அவரால் சொல்ல இயலவில்லை. 1988இல் மினியாப்பொலிஸ் நகரின் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றில் ஜோயல் ஹாட்ஜ்சன் தொடங்கிய நிகழ்ச்சியில், ஒரு மனிதனும் இரு பொம்மை எந்திரங்களும் இருக்கையில் அமர்ந்து, மலிவுப் படங்களை ஓடவிட்டுக் கூடவே பேசின. இன்று உலகெங்கும் நண்பர்கள் கூடிப் படம் பார்த்துப் பேசும் காணொளிகளின் முன்மாதிரியாக அது கருதப்படுகிறது. முனுசாமியும் மாணிக்கமும் அதற்கு ஏறத்தாழ 30 ஆண்டு மூத்தவர்கள்.

கேலிக்குள்ளானவர் மறுமொழி சொன்ன நிகழ்வும் தமிழில் உண்டு. தம் சொந்தத் தயாரிப்பில் ‘லத்திகா’ (2011) படத்தில் நடித்துப் பரிகசிக்கப்பட்ட ‘பவர் ஸ்டார்’ சீனிவாசன், 2013 பொங்கலுக்கு வந்த ‘கண்ணா லட்டு தின்ன ஆசையா’வில் சந்தானத்துடன் நடித்தார். 1981இல் வந்த ‘இன்று போய் நாளை வா’வின் மறுவடிவம் அது. தம்மைப் பற்றிய நகைப்பையே பாத்திரமாக்கி அவர் பெற்ற வெற்றி, அவ்வாண்டின் தொடக்கத்தில் பெரிதும் பேசப்பட்டது. எனினும் இதைக் கழற்றெதிர்மறை என்பதா, அல்லது தன்னைத் தானே கேலிப்பொருளாக ஒப்புக்கொடுத்த உடன்பாடு என்பதா என்பது விவாதத்துக்குரியது. மறுமொழிக்கு இடம் கிடைத்தது உண்மை. ஆனால் சிரிக்கப்படுபவராக மட்டுமே அவ்விடம் கிடைத்தது என்பதும் உண்மை.

வேறொரு வழி மகாராஷ்டிரத்தின் விசைத்தறி நகரான மாலேகானில் தோன்றியது. அங்கே வீடியோ காட்சிக்கூடம் நடத்திய ஷேக் நாசிர், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 2000இல் ‘மாலேகான் கே ஷோலே’ எடுத்தார். நடிகர்கள் தறித்தொழிலாளர்களும் சிறுகடைக்காரர்களும். புகழ்பெற்ற ‘ஷோலே’யின் குதிரைகளுக்குப் பதில் மிதிவண்டிகள். ஊர் மக்கள் பணம் கொடுத்துப் பார்த்துச் சிரித்தனர். படம் எடுத்தவர்களும் உடன் சிரித்தனர். ஃபைசா அகமது கான் இயக்கிய ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகான்’ என்னும் ஆவணப்படம் அவ்வுலகைப் பதிவு செய்தது. இங்கே வறுமை மறைக்கப்படவில்லை, நகைச்சுவையின் முதலாகவே ஆக்கப்பட்டது. எள்ளப்பட்டவை பாலிவுட்டின் ஆடம்பரமும் நாயக வழிபாடும். குறைந்த செலவே மேல்நோக்கிய கேலிக்குக் கருவியாயிற்று.

எல்லைக்கு அப்பாலுள்ள கன்னட உலகமும் இவ்வரலாற்றுக்கு வெளியே இல்லை. 1960களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு, பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் குரல்மாற்றி வெளியிடுவது எழுதப்படாத தடையால் நின்றிருந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2015இல் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2017இல் ‘என்னை அறிந்தால்’, ‘சத்யதேவ் ஐபிஎஸ்’ என்ற பெயரில் கன்னடம் பேசியபோது எதிர்ப்பும் எழுந்தது. அந்த அரை நூற்றாண்டில் ஒரு தமிழ்க் கதை முறைப்படி கன்னடத்துக்குச் செல்ல மறுவாக்கம் ஒன்றே வழி. பெரிய வெற்றிப்படங்களுக்கே அது வாய்க்கும். சிறுபடத்துக்கு எஞ்சியது, இரு மொழியும் அறிந்த நண்பனின் வாய்மொழி. எதிர்த்திசையில், பவன் குமார் பொதுமக்களிடம் பணம் திரட்டி எடுத்த கன்னடச் சிறுபடம் ‘லூசியா’ (2013), பேச்சின் வழியே புகழ் பரவி, 2015இல் ‘எனக்குள் ஒருவன்’ எனத் தமிழுக்கு வந்தது. அப்படத்துக்கு முதலீடும் விளம்பரமும் இணையத்தில் நடந்த நண்பர் பேச்சே எனலாம்.

எனவே இருவர் பேச்சை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவது திரை வரலாற்றாய்வுக்கு இழப்பாகும். அதற்கு வலுவான காரணம் ஆவணக்காப்பின் நிலை. தென்னிந்திய மௌனப் படங்களில் முழுமையாக எஞ்சியிருப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. தமிழின் முதல் பேசும்படம் எனப்படும் ‘காளிதாஸ்’ (1931) இல்லை. இப்படங்களைப் பற்றி இன்று அறியப்படுபவை அனைத்தும் விளம்பரத் துண்டுகளிலிருந்தும், பாட்டுப் புத்தகங்களிலிருந்தும், இதழ்களின் பாராட்டு, கேலிகளிலிருந்தும் திரட்டப்பட்டவை. வன்தகட்டில் சேமிக்கப்பட்ட எண்முறைச் சிறுபடங்கள் படச்சுருளைவிட நெடுங்காலம் வாழும் என்பதற்கு உறுதி இல்லை. தயாரிப்பாளர் கடனில் மூழ்கினால் தகடும் மறைகிறது. 50 ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளர் 2010களின் சிறுபடங்களைத் தேடினால், அவருக்குக் கிடைக்கக்கூடியது இரு நண்பர்கள் சிரித்துப் பேசிய பதிவாகவே இருக்கலாம்.

அப்பதிவில் என்ன இருக்கும் என்பதே இங்கு எழும் கவலை. முனுசாமியும் மாணிக்கமும் கேலி செய்தபோதும் கதையைச் சொன்னார்கள். யார் நடித்தார், எது நன்று, எது தீது என்று பிரித்தார்கள். அப்பக்கங்களைக் கொண்டு படத்தை ஓரளவு மீட்டுருவாக்க முடியும். துக்ளக்கின் பக்கங்களில் எடுத்தவரின் நியாயமும் கிடைக்கும். மாறாக, நடிகரின் முகத்தையும் நிறத்தையும் உச்சரிப்பையும் மட்டும் நகையாடி, இயக்குநர் பெயரையோ கதையையோ சொல்லாமல் முடியும் பேச்சிலிருந்து வருங்காலம் அறியக்கூடியது, சிரித்தவர்களைப் பற்றி மட்டுமே. அதுவும் வரலாறுதான், ஆனால் அது அப்படத்தின் வரலாறன்று.

அத்திபெலேயில் மாலை நேரப் பேருந்து எல்லையை நெருங்கும்போது, பின்னிருக்கையில் இருவர் சம்பளப் பிடித்தத்தையும் வீட்டு வாடகையையும் பேசி முடித்து, முந்தின இரவு கைப்பேசியில் பார்த்த ஏதோ ஒரு பெயர் தெரியாத படத்துக்கு வந்து சேர்வது அன்றாடக் காட்சி. ‘அதுல ஹீரோ யாரு?’ என்று ஒருவர் கேட்பார். மற்றவருக்குப் பெயர் நினைவிருந்தால், ஜூஜூவாடியைத் தாண்டும்போது அப்பெயரும் எல்லையைத் தாண்டியிருக்கும்.